கைபடாத கதவு

என் அக்கா கணவரை வேலை செய்யும் இடத்தில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘அரை மில்லி’ என்றால்தான் தெரியும். கதவும் சட்டமும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அரை மில்லி வெளிய நிக்குது" என்பார். மற்றவர்கள் முடிந்தது என்று கையைக் கழுவிவிட்டுப் போன வேலையை மறுபடி பிரித்துப் போடுவார். வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய், இடது கையால் சுவர்க் கடிகாரத்தை நேராக்கிவிட்டு வந்து உட்காருவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "என் மூக்கு லேசா கோணல்னு இன்னும் இவர் கண்ணுல படல. பட்டிருந்தா சுத்தியலோட வந்திருப்பார்" என்பாள்.

அவருக்கு டிங்கர் வேலை. இடித்து நசுங்கி வரும் வண்டிகளின் தகரத்தை அடித்து நிமிர்த்துவது. எனக்குப் பக்கத்துத் தெருவில் குஷன் கடை. வண்டி சீட்டு தைத்துப் பிழைக்கிறேன். தகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தான் சொல்லித் தெரிந்ததுதான், அதுவும் நான் கேட்காமலே சொன்னது.

நசுங்கிய தகரத்தைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. உள்ளே ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே சுத்தியலால் பொடிப்பொடியாகத் தட்டி, தகரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவது ஒன்று. அதற்குப் பொறுமை வேண்டும், நாள் வேண்டும். குத்துமதிப்பாக இழுத்துவிட்டு, பள்ளத்தில் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவது இன்னொன்று. பட்டி என்பது ஒரு பசை. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாக் கடையிலும் இந்த இரண்டாவதுதான் நடக்கிறது. அத்தான் வேலை பார்த்த கடையிலும் அதுதான். முதலாளிக்கு ஒரு நாளைக்கு மூன்று வண்டி வெளியே போயாக வேண்டும். நாள் முழுக்கப் பட்டி தடவிவிட்டு வரும் அன்று அத்தானிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. முகம் கடுகடுவென்று இருக்கும்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தனியாக ஒரு கொட்டகை போட வேண்டும். அதில் பழைய காலத்து வண்டிகளை மட்டும் எடுத்துப் பட்டி தொடாமல் செய்ய வேண்டும். வாசலில் பலகையில் அவருடைய பெயர் இருக்க வேண்டும், பட்டப்பெயர் அல்ல, பெற்றவர்கள் வைத்த பெயர். இதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் முப்பது வருடமாகக் காதில் வாங்காமல் இருந்தோம். ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, "மச்சான், இடது காது போயிடுச்சு. வலது காதும் போயிட்டு இருக்குன்னு டாக்டர் சொல்றார். உங்க அக்காகிட்ட சொல்லாதே" என்றார்.

டிங்கருக்குக் காது என்பது பாதிக் கண். சுத்தியல் சரியாக விழுந்தால் ஒரு சத்தம், தகரம் களைத்துப் போனால் வேறு சத்தம். அது தெரியாமல் தட்டினால் தகரம் நீண்டு தொய்ந்துபோகும், பிறகு கடவுளே வந்தாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே ஆசை நிறைவேற வேண்டுமென்றால் நாலைந்து வருடத்துக்குள் நிறைவேற வேண்டும். அந்த அவசரத்தில் இருந்தபோதுதான் ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

பல் டாக்டர் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குச் சுலபம். ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. சிரித்த முகம், பொறுமையான பேச்சு, கூலியில் ஒரு நாளும் குறை வைக்காத மனிதர். அவருடைய தாத்தா ஓட்டிய வண்டி ஒன்று வீட்டின் பின்கட்டில் கிடந்தது. எழுபது வருடத்து வண்டி. கரும்பச்சை நிறம், உருண்டையான முகம், நான்கு கதவு. வலது பக்கம் ஜன்னலை ஒட்டி இருந்ததால் வெயிலில் வெளுத்திருந்தாலும் உறுதியாக இருந்தது. இடது பக்கம் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி நின்று நின்று, முன் கதவு முழுக்கத் துருவாகப் போய்விட்டது. அத்தான் விரலால் அழுத்தியபோது விரல் உள்ளே போய்விட்டது.

"செய்ய முடியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தான் விரலை வெளியே எடுத்து, துருவைத் தட்டிவிட்டு, "கதவோட மேல் தகரத்தையே புதுசா அடிக்கணும் சார். வலது கதவைப் பாத்து, கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி அடிக்கணும்" என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"நாள் கணக்கு சொல்ல மாட்டேன்."

டாக்டர் சிரித்தார். "அவசரமே இல்ல. வருஷா வருஷம் பழைய வண்டிக் கண்காட்சி நடக்குதே, தெரியுமா? அதுல நம்ம வண்டியை நிறுத்துவோம். நீங்க பக்கத்துல நில்லுங்க. செஞ்சது இவர்தான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். அங்க வர்றவங்க ஒவ்வொருத்தர் வீட்லயும் இந்த மாதிரி நாலு வண்டி கிடக்குது. அப்புறம் உங்களுக்கு எதுக்கு அந்தப் பட்டிக் கடை?"

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அந்தப் பேச்சை அப்படியே ஒப்பித்தார், டாக்டர் சிரித்த இடத்தில் தானும் சிரித்தார். அக்கா எதையும் சுலபத்தில் நம்பாதவள். அவளே அன்று, கொட்டகை போட இடம் எங்கே பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று வருடம். கடை முடிந்த பிறகு சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழு நாள். டாக்டர் வீட்டுப் பின்கட்டுதான் பட்டறை. அத்தான் என்னையும் சீட்டு வேலைக்கு இழுத்துப் போட்டார். எலி கடித்த தோலை மாற்றாமல், பின் சீட்டுக்கு அடியில் மடிந்திருந்த பழைய தோலையே வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டுத் தைத்தேன். அதனால் அங்கே நடந்ததெல்லாம் எனக்கு நேரடியாகத் தெரியும்.

கதவை மூன்று முறை அடித்தார். முதல் கதவு நான் பார்த்தவரைக்கும் அம்சமாக இருந்தது. வெயிலில் வைத்துச் சாய்ந்து பார்த்துவிட்டு, "வயிறு கொஞ்சம் உப்பியிருக்கு" என்று தூக்கிப் போட்டார். இரண்டாவது எதனால் ஆகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவதற்குக் கீழ் விளிம்பு மடிப்பு மட்டும் பதினோரு நாள். வெளித் தகரத்தின் ஓரத்தை உள்சட்டத்தின் மேல் சுற்றி மடித்து இறுக்க வேண்டும். எங்கேயும் ஒரு சுருக்கம் விழக் கூடாது, நீர் புக ஒரு முடி அளவுகூட இடைவெளி இருக்கக் கூடாது. அந்தப் பதினோரு நாளும் பேச்சு கிடையாது. நான் பீடி பற்றவைத்தால்கூட முறைப்பார், தீக்குச்சிச் சத்தத்தில் சுத்தியல் சத்தம் கெடுகிறதாம்.

பட்டி ஒரு துளி இல்லை. துருப் பிடிக்காமல் இருக்க, பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமராக இந்தக் காலத்துச் சாம்பல் நிறத்தை அடித்தார். பழைய வண்டிக்குக் கம்பெனியில் செங்காவி நிற பிரைமர்தான் அடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது, வண்டி நீடித்து நின்றால் போதும் என்றார். மேல் பெயிண்டுதான் சிக்கல். புதுப் பெயிண்டு அடித்த கதவு, வெளுத்த வண்டியில் பல்லைக் காட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தங்கப்பல் கட்டின மாதிரி இருக்கே. வலது பக்கத்தோட சேர்ற மாதிரி கொஞ்சம் மங்க வைக்க முடியாதா?" என்று கேட்டார்.

கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அத்தான் எட்டு மாதம் அதில் மூழ்கினார். மெல்லிசாக அடிப்பார், வெயிலில் காயவைப்பார், தேய்ப்பார், மறுபடி அடிப்பார். கைப்பிடி பக்கத்தில் எழுபது வருடம் கை பட்டு வழவழத்த இடம், கண்ணாடி ஓரத்தில் மழை நீர் ஓடி வெளுத்த கோடு, எல்லாவற்றையும் வலது கதவைப் பார்த்து இடது கதவில் கொண்டுவந்தார். வலது கதவில் கீல் பக்கத்தில் கம்பெனிக்காரன் அவசரத்தில் பெயிண்டு ஒழுகவிட்டிருந்தான், கடுகளவு ஒரு துளி. இடது கதவிலும் அதே மாதிரி ஒரு துளி வைத்தார். அதை யாரும் கேட்கவில்லை. அது அவருடைய கிறுக்கு.

"அவன் பண்ணின தப்பையும் எதுக்கு அத்தான் நீங்க பண்றீங்க?" என்றேன்.

"தப்பு இல்லாம பண்ணினா என் கதவாயிடும்டா. இது அந்த வண்டியோட கதவா இருக்கணும்" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

படம் எடுத்துவைக்க வேண்டும் என்று நான் ஒரு முறை சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றார். "முன்னாடியே வெளிய கசிஞ்சா சுவாரஸ்யம் போயிடும். ஒரே நாள்ல காட்டி அசத்துவோம்." துருப்பிடித்த பழைய தகரத்தையும், தாத்தா நினைவாக இருக்கட்டும் என்று அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன், அத்தானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கண்காட்சி அன்று காலை நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்கா அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, நகத்து இடுக்கில் இருந்த பெயிண்டை ஊசியால் எடுத்துவிட்டிருந்தாள். பெரிய புல்வெளி. நடுவில் கயிறு கட்டி வண்டிகளை வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெரிய வரிசைக்கு முன்னால் ‘புதுப்பித்த வண்டிகள்’ என்று பலகை. நாற்பது வண்டி இருக்கும், எல்லாம் பளபளவென்று. அந்த வரிசையை இரண்டு முறை நடந்து பார்த்தோம். எங்கள் வண்டி இல்லை.

அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். மரத்தடியில் தனியாக மூன்று வண்டி. ‘கைபடாதவை’ என்று பலகை. எங்கள் வண்டிக்கு முன்னால் சின்னதாக ஓர் அட்டை. ஒரே குடும்பம், கம்பெனியில் அடித்த அதே பெயிண்டு, எழுபது ஆண்டுகளில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று அழகாக அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அத்தான் அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு டாக்டரிடம் போய், ஏதோ பிசகு நடந்துவிட்டது என்பது போல, மெதுவாகச் சொன்னார்.

"சார், வண்டியை வரிசை மாத்தி நிறுத்திட்டாங்க."

டாக்டர் அவர் தோளில் கைபோட்டு மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அவருடைய குரலில் வெட்கமே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "அந்த வரிசையில நாற்பது வண்டி. நம்ம வண்டி அங்க நாற்பத்தோராவது. இங்க மூணே மூணு. பரிசு நமக்குத்தான். நீங்க செஞ்சதைப் பாத்தப்புறம்தான் எனக்கே இந்த யோசனை வந்துச்சு. எந்தக் கதவு புதுசுன்னு எனக்கே சொல்ல வரல."

"பேரு சொல்றேன்னீங்களே சார்."

"நான் ஒருத்தருக்குப் பல் கட்டறேன். அது கட்டின பல்லுன்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சா அது என் தோல்வி. தெரியலன்னா அதான் எனக்குக் கிடைச்ச பரிசு. ஒவ்வொரு பல்லுலயும் என் பேரை எழுதியா அனுப்பறேன்? இதைவிட உங்களுக்கு என்ன பாராட்டு வேணும், சொல்லுங்க. அடுத்த வருஷம் இன்னொரு வண்டி வாங்கறேன். அதுல உங்க பேரைப் பெருசாப் போடுவோம்."

அத்தான் அட்டை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். இதற்கு நான் பிறகு கடையில் ஊசி கோத்துக்கொண்டே நான்கு நல்ல பதில் யோசித்து வைத்திருக்கிறேன். நான்கையும் வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கலாம்.

நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். மூத்தவர் ஒரு அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி, கையில் டார்ச், ஒரு காந்தம், பெயிண்டின் கனம் பார்க்கும் கருவி. தில்லுமுல்லு பண்ணுகிறவர்களைப் பிடிப்பதில் பெரிய கை என்று பேசிக்கொண்டார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. இடது கதவில் மேலிருந்து கீழ்வரை வைத்துப் பார்த்தார், எல்லா இடத்திலும் டக்கென்று ஒட்டிற்று. பெயிண்டின் கனம் பார்த்தார், பழைய கம்பெனிக் கணக்கிலேயே இருந்தது. பட்டி தடவிப் பெயிண்டைத் தடிப்பாக அடிக்கிற ஒரு சோம்பேறி செய்திருந்தால் அந்த ஏமாற்று ஒரு நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். இந்த மனிதர் நேர்மையாகச் செய்ததால்தான் பொய் தலைநிமிர்ந்து நின்றது.

அந்த அம்மா மட்டும் கதவை விட்டு நகரவில்லை. "இடது பக்கம் சுவரோரமா நின்ன வண்டின்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. சுவர்ப் பக்கம்தானே முதல்ல அரிக்கும்? இது இவ்வளவு நல்லா இருக்கே?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா அந்தப் பக்கம் எண்ணெய்த் துணி சுத்தி வச்சிருந்தார் மேடம்" என்றார் டாக்டர். பல் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்கிற அதே குரல்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "எண்ணெய்த் துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் கதவே புதுசு. எங்க அத்தான் அடிச்சது" என்று கத்திவிட்டேன். கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

டாக்டர் பதறவில்லை. "இவர் வண்டியைத் துடைச்சுப் பாத்துக்கறவரோட மச்சான். கொஞ்சம் பாசம் ஜாஸ்தி" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றொன்றைப் போட்டுக்கொண்டு அத்தானைப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒருத்தர் வந்து இதை நான்தான் செஞ்சேன்னு சொல்றாங்க. அதுக்காக நம்பாமலும் இருக்க மாட்டேன். வேலை நடக்கும்போது எடுத்த படம் இருக்கா?"

"இல்லம்மா" என்றார் அத்தான்.

"பழைய தகரம்?"

"என்கிட்ட இல்ல."

"நீங்க அடிச்சிருந்தா அடியில என்ன பிரைமர்?"

"சாம்பல்."

"கம்பெனியில செங்காவி." அந்த அம்மா கைப்பையிலிருந்து சின்ன மடக்குக் கத்தி ஒன்றை எடுத்தார். "கதவோட கீழ் விளிம்புல, அடிப்பக்கமா, ஒரு பொத்தான் அளவு கீறினா போதும். சாம்பல் வந்தா நீங்க சொல்றது நிஜம். வண்டியை வரிசையிலிருந்து எடுத்துடுவேன், உங்க பேரையும் ஒலிபெருக்கியில நானே சொல்வேன். இந்த மாதிரி ஒரு கை இன்னும் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிய வேண்டியதுதான். ஆனா வண்டிக்காரர் சம்மதிக்கணும்."

மாட்டினார் என்று நினைத்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்தேன். மறுப்பார், உளறுவார், வியர்க்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் நிதானமாக ஒரு அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார்.

"தாராளமா கீறட்டும் மேடம். அவரே கீறட்டும்" என்றார்.

அந்த நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மூன்று வருடம் அந்த மனிதர் தினமும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அத்தானோடு முப்பது வருடம் பழகியும் தெரிந்துகொள்ளாததை அவர் தெரிந்துகொண்டுவிட்டார்.

அத்தான் கத்தியை வாங்கிக்கொண்டு புல்லில் மண்டியிட்டார். இடது கையால் கதவைத் திறந்து, கீழ் விளிம்பைத் தடவி இடம் பார்த்தார். கத்தி முனையை வைத்தார். வைத்த இடத்திலிருந்து எடுத்து, இரண்டு விரல் தள்ளி வைத்தார். பிறகு அங்கிருந்தும் எடுத்தார்.

"கீறுங்க" என்றாள் அக்கா.

காது விஷயம் எப்போதோ தெரிந்துவிட்ட அவள், அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, பக்கத்தில் போய்க் குனிந்து, வலது காதருகில் மறுபடி சொன்னாள். "கீறுங்கன்னு சொல்றேன். நமக்கு வேற என்ன இருக்கு?" அக்கா குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அத்தான் கத்தியை மடக்கினார். எழுந்து, அந்த அம்மாவிடம் திருப்பி நீட்டினார்.

"நான் துடைக்கறவன்தாம்மா" என்றார். "மச்சான் ஏதோ ஆசையில சொல்லிட்டான்."

அந்த அம்மா கத்தியை வாங்கிப் பையில் போட்டார். பிறகு தாளில் எழுதினார். கூட வந்த இரண்டு நடுவர்களுக்கும் டார்ச் அடித்து அந்தப் பெயிண்டுத் துளியைக் காட்டினார். "பாருங்க, கம்பெனிக்காரன் அவசரத்துல விட்டது. ரெண்டு பக்கமும் இருக்கு. இதெல்லாம் இந்தக் காலத்துல யாராலயும் செய்ய வராது" என்றார். அத்தான் அங்கேயேதான் நின்றிருந்தார். பரிசு டாக்டருக்குக் கிடைத்தது.

பேருந்தில் வரும்போது நான் அவரைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று திட்டினேன். வயதுக்கு மரியாதை இல்லாமல் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இல்லை, பாதியைக் கேட்டுவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அந்த மடிப்புல பெயிண்டை எடுத்தா தண்ணி இறங்கும்டா. ரெண்டு மழை தாங்காது."

"தொட்டு மறுபடி பெயிண்ட் வச்சா போகுது!"

"வச்சா ஒட்டு தெரியும்."

இவ்வளவுதான் அவருடைய நியாயம். கதவு யாருடையது, பெயர் யாருக்கு, காது எத்தனை நாளைக்கு, ஒன்றும் அவர் மண்டையில் ஏறவில்லை. தண்ணீர் இறங்கும், ஒட்டு தெரியும். டாக்டர் மேல் இருக்கும் கோபம் எனக்கு இப்போது ஆறிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அத்தான் மேல் ஆறவில்லை. திருடியவனாவது தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவன்.

அக்கா பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், அதற்குப் பிறகு கொட்டகை என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவர் எழுந்து போய்க் கடிகாரத்தை நேராக்கினாலும் தலையில் அடித்துக்கொள்வதில்லை. முன்பெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தால் வீடே அதிரும். இப்போது தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். டாக்டர் சொன்னபடி இன்னொரு வண்டி வாங்கினார் என்று கேள்விப்பட்டோம். எங்களைக் கூப்பிடவில்லை. பரிசு வாங்கிய வண்டியை, கைபடாத வண்டி என்ற பெயரோடு, யாருக்கோ விற்றுவிட்டார்.

இரண்டு வருடம் போயிற்று. அத்தான் அதே கடையில்தான் இருந்தார். வலது காதும் ஏறக்குறைய போய்விட்டது. சத்தம் கேட்காததால் சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முதலாளி அவரை முழு நேரமும் பட்டிக்குப் போட்டுவிட்டார். காலையிலிருந்து மாலைவரை பசை குழைப்பது, அப்புவது, தேய்ப்பது. முடியெல்லாம் சாம்பல் தூசியோடு வீட்டுக்கு வருவார்.

போன மாதம் ஒரு வண்டிக்கு சீட்டு மாட்ட நான் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். மதியம் இருக்கும். வாசலில் அந்தக் கரும்பச்சை வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் நடுத்தர வயசுக்காரர், படபடப்பாக இருந்தார். எங்கேயோ கேட் கம்பியில் உரசி, இடது முன் கதவில் ஒரு உள்ளங்கை அளவு பள்ளம். இந்த ஊரில் பழைய வண்டி பார்க்கிறவர் யாராவது தெரியுமா என்று விசாரிக்கத்தான் நிறுத்தியிருந்தார், வேலை கொடுக்க அல்ல.

அத்தான் உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். கையில் இருந்த, பட்டி தடவும் தகட்டைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நேராக வண்டியிடம் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"தொடாதீங்க" என்றார் அந்த ஆள்.

அத்தானுக்கு அது கேட்கவில்லை. உள்ளங்கையைப் பள்ளத்தின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகக் கீழ்நோக்கி ஓட்டினார்.

"யோவ், தொடாதேன்னு சொல்றேன்ல!" அந்த ஆள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தூக்கி அப்பால் விட்டார். "இது கைபடாத வண்டி. கம்பெனிக் கதவு. கண்டவனும் கை வைக்கவா?"

முதலாளி ஓடி வந்தார். "மன்னிச்சுக்கங்க சார். நம்ம பட்டிக்காரர். காது கேக்காது. தெரியாம வச்சுட்டார்." அத்தானின் காதில் குனிந்து கத்தினார். "கை வைக்கக் கூடாதாம்! கம்பெனிக் கதவாம்!"

அத்தான் முதலாளியைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். எங்கே நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று என் பக்கமும் ஒரு முறை பார்த்தார். நான் திறக்கவில்லை. படம் இருக்கா, தகரம் இருக்கா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் அத்தான். காது கேளாதவர்கள் பேசுவது போலக் கொஞ்சம் உரக்கவே சொன்னார், தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கதவில் அவர் கை படாத இடம் ஒன்று கிடையாது. அதைத் தொட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, குழைத்து வைத்த பட்டி காய்வதற்குள் அடுத்த வண்டியில் அப்ப உள்ளே போனார்.